அலோர் ஸ்டார் டாக்டர் எதை விட்டார்?

"பேசாமல் டாக்டர் வேலையை விட்டுவிடலாம் போலிருக்கிறது, அங்கிள்" என்கிறாய். தே தாரிக் சூடாக இருக்கிறது, மெல்லக் குடி தம்பி. நீ விட நினைப்பது எதை? நோயாளியையா, ஆஸ்பத்திரியையா, ஒப்பந்தத்தையா? மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி முதுகில் போட்டிருக்கிறார்கள். அவிழ்த்துப் பார்க்காமல் மொத்தமாக எறியாதே.

ஒப்பந்தத்தின் கனம் எனக்குத் தெரியும். மலேசியாவில் அரசாங்க டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை 2016 டிசம்பரில் வந்தது. ஏறத்தாழ 23,000 பேரை ஒப்பந்தத்தில் எடுத்து, 800 பேருக்கும் குறைவாகவே நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள். அதனால்தான் 2021 ஜூலை 26 அன்று இளம் டாக்டர்கள் கறுப்புச் சட்டையோடு வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று தெரியாதவனுக்கு எந்த வேலையும் கசக்கும். அந்தக் கசப்பை மருத்துவத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நம் கெடாக்காரர் ஒருவரையே பார். பின்னாளில் பிரதமரான மகாதீர் படிக்க ஆசைப்பட்டது சட்டம். கிடைத்ததோ சிங்கப்பூரில் மருத்துவப் படிப்பு. 1953இல் முடித்தார், சில வருஷம் அரசாங்கத்தில் இருந்தார், 1957இல் ராஜினாமா செய்து அலோர் ஸ்டாரில் 'மகா' கிளினிக்கைத் திறந்தார். அப்போது அவர் விட்டது அரசாங்க உத்தியோகத்தை மட்டும்தான், நோயாளிகளை இல்லை. 1964இல் நாடாளுமன்றம் போனார். 1969இல் தோற்றார், கட்சியும் வெளியே தள்ளியது. திரும்பி வந்து உட்கார அந்தக் கிளினிக் இருந்தது. அவர் அரசியலைப் பற்றி நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு, அதை வேறொரு நாள் பேசுவோம். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் விட்டு, திரும்பும் வழியை அடைக்காமல் வைத்திருந்தாரே, அதைக் கவனி.

உனக்கு எதையும் விடுவது சுலபமில்லைதான். கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் வந்தபோது, தோட்டத்துப் பிள்ளையும் டாக்டராகலாம் என்று எத்தனை வீட்டில் கனவு முளைத்தது! பால்மரம் சீவிய பாட்டிக்குப் பேரனின் பட்டம் குடும்பச் சொத்து. விட்டுவிட்டேன் என்று நீ சொன்னால் சொந்தக்காரர் அத்தனை பேரும் கணக்குக் கேட்பார்கள். அவர்களுக்காக மட்டும் இருக்காதே. அவர்கள் மேல் கோபித்துக்கொண்டும் போகாதே.

பழைய தோட்டங்களில் மருந்து கொடுக்க டிரஸ்ஸர் இருந்தார். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். லயத்தில் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் குடித்துவிட்டு மருந்தை மறப்பான் என்பதெல்லாம் டிரஸ்ஸருக்கு அத்துப்படி. வேலையில் நிறைவு அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. ராத்திரி 'ஆன் கால்' முடித்து, பெயரே தெரியாத நாற்பது பேரை வார்டில் பார்க்கிற உனக்கு அது எங்கே கிடைக்கும்? குடும்ப மருத்துவத்தில் கிடைக்கும். அதே இனிப்புநீர்க்காரர் வருஷக்கணக்கில் வருவார். அவர் கால் புண் ஆறுவதை நீயே பார்ப்பாய். அதற்கு நான்கு வருஷ முதுகலை உண்டு. கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழியும் உண்டு. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைத் தொழிலாளர் உடல்நலம் பார்க்கும் டாக்டர் வேலையும் இருக்கிறது.

சொந்தக் கிளினிக் என்றால் சொர்க்கம் என்றும் நினைக்காதே. ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்று 2006இல் விதித்தார்கள். வாடகை ஏறியது, கட்டணம் பல வருஷம் அசையவே இல்லை.

அனுமதி வாங்கி, லீவு நாளில் ஏதாவது கிளினிக்கில் லோக்கம், அதாவது தற்காலிக டாக்டர் வேலை, செய்து பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்கப் பிடிக்கிறதா என்று பார். பிடித்தால், நீ மாற்ற வேண்டியது இடத்தைத்தான். அங்கேயும் மனம் ஒட்டவில்லையென்றால் தாராளமாகப் போ, நான் தடுக்க மாட்டேன். போனாலும் டாக்டராக வேலை செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழான ஏபிசியை வருஷா வருஷம் புதுப்பித்துவிடு, அதற்கான சிபிடி என்ற தொடர்கல்விப் புள்ளிகளையும் சேர்த்து வை.