கப்பல் சுற்றுலா பாதியில் முடிந்தால் பணம் வருமா? உங்களுக்குத் தெரியுமா?

சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் போய்வரப் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் பணம் சேர்க்கின்றன. இன்ஜினில் தீப்பிடித்தோ, பாறையில் மோதியோ அந்தப் பயணம் நடுவழியில் நின்றுபோனால் சட்டம் எதைத் தரச் சொல்கிறது, நிறுவனம் தானாக எதைத் தருகிறது, எதை நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்? இவை மூன்றும் வேறு வேறு. கப்பல் ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் இங்கே.

எட்டு நாள் இன்பம், பத்தாம் நாள் பாறை

1986 பிப்ரவரி 7 அன்று ‘மிகயில் லெர்மன்தவ்’ என்ற சோவியத் சொகுசுக் கப்பல், 14 நாள் நியூசிலாந்துச் சுற்றுலாவுக்காக ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து கிளம்பியது. 16ஆம் தேதி மாலை, நியூசிலாந்தின் கேப் ஜாக்சன் முனையை ஒட்டிச் சென்றபோது பாறையில் மோதி, அன்றிரவே மூழ்கியது. 700க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள்; கப்பல் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பாதியில் நின்ற விடுமுறைக்கு என்ன விலை என்ற கேள்விக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இந்த விபத்திலிருந்துதான் பிறந்தது.

கட்டணம் 2,205 டாலர், ஏமாற்றத்துக்கு 5,000 டாலர்

அந்தக் கப்பலில் சென்ற பெண்மணி ஒருவர் 2,205 ஆஸ்திரேலிய டாலர் கட்டியிருந்தார். பயணம் செய்யாத நாட்களுக்கென்று 787.50 டாலரை நிறுவனம் திருப்பித் தந்தது. அவர் அதோடு விடவில்லை. மீதிக் கட்டணம், கடலோடு போன உடைமைகள், உடல்காயம், பாழான விடுமுறை எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குத் தொடுத்தார். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்புச் சொன்னது. எட்டு முழு நாட்கள் கப்பலில் அனுபவித்துவிட்டதால் மீதிக் கட்டணத்தைக் கேட்க முடியாது. ஆனால் மகிழ்ச்சியைத் தருவதே இந்த ஒப்பந்தத்தின் நோக்கம்; அது முறிந்ததால் வந்த ஏமாற்றத்துக்கும் மனவேதனைக்கும் 5,000 டாலர் கொடுத்தே ஆக வேண்டும். கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான தொகை இது. டிக்கெட் பணம் திரும்பியதும் கணக்கு தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைக்க வேண்டும்.

பனிமலையில் போட்ட பிள்ளையார் சுழி

விடுமுறை ஏமாற்றத்துக்கு நஷ்டஈடு என்ற கருத்துக்கு இங்கிலாந்தில் வழி திறந்தது 1972ஆம் ஆண்டு வழக்கு ஒன்று. வழக்கறிஞர் ஒருவர் 63.45 பவுண்ட் கட்டி, சுவிட்சர்லாந்துக்கு 15 நாள் சுற்றுலா போனார். விளம்பரத்தில் கலகலப்பான விருந்துகள் எல்லாம் உண்டு என்றிருந்தது. இரண்டாவது வாரமோ அந்த விடுதியில் அவரைத் தவிர வேறு விருந்தினரே இல்லை. லார்டு டென்னிங் அடங்கிய அமர்வு அவருக்கு 125 பவுண்ட் வழங்கத் தீர்ப்பளித்தது.

11,000 யூரோவும் ஒரு கையெழுத்தும்

2012 ஜனவரி 13 இரவு, 4,200க்கும் மேற்பட்டோருடன் சென்ற ‘கோஸ்டா கான்கார்டியா’ இத்தாலியின் ஜில்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள், காயமின்றித் தப்பிய ஒவ்வொரு பயணிக்கும் 11,000 யூரோவும், பயணக் கட்டணமும், வீடு திரும்பிய செலவும் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஒரே நிபந்தனை: இதை வாங்கிக்கொண்டால் பிறகு வழக்குப் போடக் கூடாது. உடனே கிடைக்கும் பணம் பலருக்குப் பேருதவிதான். ஆனால் உயிர் பிழைத்து வந்த அதிர்ச்சி ஆறும் முன்னே, வழக்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஊழியர்களும் மனிதர்களே

கான்கார்டியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் இந்தியர்களும் பலர். கடைசியாக 2014 நவம்பரில் கிடைத்த உடல் ஓர் இந்திய ஊழியருடையது. பயணிகளுக்கான இழப்பீட்டு விதிகள் ஊழியர்களுக்குப் பொருந்தா. அவர்களுக்கு வேலை ஒப்பந்தமும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும்தான் காப்பு. கப்பல் முதலாளி கைவிட்டுவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை காப்பீட்டிலிருந்து கிடைக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

கிளம்பும் முன்பே பயிற்சி

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி அணிய வேண்டும் என்ற பயிற்சியை, பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று முன்பு விதி இருந்தது. கான்கார்டியாவில் புதிதாக ஏறியவர்களுக்கு அது நடக்கும் முன்பே விபத்து நடந்துவிட்டது. 2015 ஜனவரி 1 முதல் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி கட்டாயம். அந்த நேரத்தில் கேபினில் தங்கிவிடாதீர்கள்.

மின்சாரம் இல்லாமல் நான்கு நாள்

2013 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் கால்வெஸ்டனிலிருந்து நான்கு நாள் பயணமாகக் கிளம்பியது ‘கார்னிவல் டிரையம்ஃப்’. 10ஆம் தேதி அதிகாலையில் இன்ஜின் அறையில் தீ. எரிபொருள் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தீ அணைந்துவிட்டது, ஆனால் இன்ஜின்கள் ஓடவில்லை. ஏசி இல்லை. பெரும்பாலான கழிப்பறைகள் வேலை செய்யவில்லை. கழிவுநீர் தாழ்வாரங்களுக்கு வந்தது. சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. புழுக்கம் தாங்காமல் மக்கள் மெத்தைகளை மேல்தளத்துக்கு இழுத்து வந்து படுத்தார்கள். 14ஆம் தேதி இரவு இழுவைப் படகுகள் கப்பலை மொபைல் நகரத் துறைமுகத்தில் சேர்த்தன. முழுக் கட்டணம், போக்குவரத்துச் செலவு, அதே மதிப்புக்கு இன்னொரு பயணம், தலைக்கு 500 டாலர் ரொக்கம் ஆகியவற்றை நிறுவனம் அறிவித்தது.

பயணிகளுக்குப் பத்து உரிமைகள்

டிரையம்ஃப் சம்பவத்துக்குப் பிறகு, 2013 மே மாதத்தில், சர்வதேசக் கப்பல் சுற்றுலா நிறுவனங்களின் சங்கம் பத்து உரிமைகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. பணம் சம்பந்தமானவை இவை:

• இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம். பாதியில் முடிந்தால் ஒரு பகுதிப் பணம்.
• பாதியில் முடிந்தால், இறங்க வேண்டிய துறைமுகத்துக்கோ சொந்த ஊருக்கோ போக்குவரத்து வசதி.
• திட்டத்தில் இல்லாத துறைமுகத்தில் இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடம்.

உணவு, தண்ணீர், கழிப்பறை வசதி தர முடியாத நிலையில் கப்பல் கரையில் நின்றால் இறங்கிக்கொள்ளும் உரிமையும் இதில் உண்டு. ‘இயந்திரக் கோளாறு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். புயலால் பயணம் நின்றால் இந்தப் பண உரிமை அப்படியே பொருந்தாது.

யார் என்ன தந்தார்கள்?

• 2010, கார்னிவல் ஸ்ப்ளெண்டர் (தீ, சான் டியாகோவுக்கு இழுத்துவரப்பட்டது): முழுப் பணம், அதே மதிப்புக்கு இன்னொரு பயணம்.
• 2013, கிராண்டியர் ஆஃப் தி சீஸ் (தீ, பஹாமாஸில் பயணம் முடிந்தது): முழுப் பணம், இன்னொரு பயணத்துக்கான சான்று.
• 2016, ஆன்தம் ஆஃப் தி சீஸ் (புயல், திரும்பி வந்தது): முழுப் பணம், அடுத்த பயணத்துக்குப் பாதித் தள்ளுபடி.
• 2020, டயமண்ட் பிரின்சஸ் (கொரோனா, யோகோஹாமாவில் தனிமைப்படுத்தல்): முழுப் பணம், விமானச் செலவு, அடுத்த பயணத்துக்கான வரவு.

இவற்றில் பெரும்பகுதி நிறுவனங்கள் தாமாக அறிவித்தவை. அங்கே கொடுத்தார்களே என்று இன்னொரு நிறுவனத்தைச் சட்டப்படி வற்புறுத்த முடியாது. ஆனால் பேரம் பேச இவை நல்ல முன்னுதாரணங்கள்.

வவுச்சர் பணம் ஆகாது

அடுத்த பயணத்துக்கான வரவுக்குப் பெரும்பாலும் கெடு தேதி உண்டு. பயந்து திரும்பியவருக்கு அதே கப்பலில் மறுபடி ஏற மனம் வருமா? ரொக்கமாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஏதென்ஸ் உடன்படிக்கை

கடல் பயணிகளுக்கான முக்கியமான உலகச் சட்டம் 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கை. 2002இல் திருத்தப்பட்ட அதன் வடிவம் 2014 ஏப்ரல் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூழ்குதல், கவிழ்தல், மோதல், தரைதட்டல், தீ, வெடிப்பு, கப்பலின் குறைபாடு ஆகியவற்றால் பயணி இறந்தாலோ காயமடைந்தாலோ, தலைக்கு 2,50,000 எஸ்.டி.ஆர். வரை நிறுவனத்தின் தவற்றைப் பயணி நிரூபிக்கத் தேவையில்லை. போர், தடுக்கவே முடியாத இயற்கைச் சீற்றம் போன்றவை மட்டும் விலக்கு. அதற்கு மேல் 4,00,000 வரை போகலாம். தன்மீது தவறில்லை என்று நிறுவனம் காட்டினால் அந்தக் கூடுதல் தொகை கிடையாது. வீணான விடுமுறைக்கு இந்த உடன்படிக்கையில் இடமில்லை. அதற்கு அந்தந்த நாட்டின் சுற்றுலா, நுகர்வோர் சட்டங்களைத்தான் நாட வேண்டும்.

எஸ்.டி.ஆர். என்றால்?

சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் ஆகிய ஐந்து நாணயங்களின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவது. 2,50,000 எஸ்.டி.ஆர். என்பது ஏறக்குறைய 3 கோடி ரூபாய்.

நகையைக் கேபினில் வைக்காதீர்கள்

பாதுகாப்பாக வைக்கச் சொல்லிக் கப்பல் அலுவலகத்தில் ஒப்படைக்காத பணத்துக்கும் நகைக்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்கிறது ஏதென்ஸ் உடன்படிக்கை. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் நகை எடுத்துச் செல்கிறவர்கள் ஒப்படைத்து ரசீது வாங்குவது அவசியம்.

15 நாள், இரண்டு ஆண்டு, ஓர் ஆண்டு

ஏதென்ஸ் விதிப்படி, வெளியே தெரியும் சேதத்தைக் கேபின் பெட்டிகளுக்கு இறங்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். உடனே தெரியாத சேதத்துக்கு 15 நாள். வழக்குக்கு இரண்டு ஆண்டுகள். அமெரிக்க நிறுவனங்களின் டிக்கெட்டுகளில் கெடு இன்னும் குறைவு: காயத்துக்கு ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ், ஓர் ஆண்டுக்குள் வழக்கு என்பதே வழக்கம். கெடு தாண்டினால் எவ்வளவு நியாயமான வழக்கும் நிற்பது கடினம்.

வழக்கு எந்த ஊரில்?

வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒருவர் கார்னிவல் கப்பலில் சென்றபோது மனைவி வழுக்கி விழுந்து காயமடைந்தார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். டிக்கெட்டிலோ ‘வழக்கு ஃபுளோரிடாவில் மட்டும்’ என்று அச்சிட்டிருந்தது. அந்த வரி செல்லும் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிக்கெட்டின் சிறிய எழுத்துகளை, பணம் கட்டும் முன்பே படியுங்கள்.

டைட்டானிக்குக்கு எவ்வளவு?

1912இல் டைட்டானிக் மூழ்கியபின், அமெரிக்காவில் 1851ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறுவனம் கையில் எடுத்தது. விபத்துக்குப் பின் கப்பலில் எஞ்சியதன் மதிப்போடு முதலாளியின் பொறுப்பு முடிந்தது என்கிறது அந்தச் சட்டம். டைட்டானிக்கில் எஞ்சியவை உயிர்காப்புப் படகுகள்தான். வசூலான கட்டணத்தையும் சேர்த்தால் சுமார் 92,000 டாலர். கேட்கப்பட்டதோ சுமார் 1.6 கோடி டாலர். கடைசியில் 1916இல் 6,64,000 டாலரில் சமரசம் ஆனது. அந்த 1851ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஐரோப்பாவில் ஒரு விலக்கு

படகும் கப்பலும் தாமதமானால் டிக்கெட் விலையில் ஒரு பங்கைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதி. சுற்றுலாக் கப்பல் பயணிகளுக்கு அந்தப் பகுதி பொருந்தாது. அவர்களுக்குக் கைகொடுப்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பேக்கேஜ் சுற்றுலாச் சட்டம்: சொன்ன சேவை குறைந்தால் விலைக் குறைப்பும் நஷ்டஈடும் கேட்கலாம்.

துறைமுகம் தவறினால்?

வானிலை சரியில்லை என்று ஓர் ஊரைத் தவிர்த்துவிட்டுப் போகப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கேப்டனுக்கு அதிகாரம் தருகின்றன. அங்கே கட்ட வேண்டியிருந்த துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பலாம். தவறிய துறைமுகத்துக்கும் பாதியில் நின்ற பயணத்துக்கும் பணம் தரும் டிராவல் இன்சூரன்ஸ் உண்டு. பாலிசியில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் ஊரிலிருந்து கிளம்பினால்?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை. கெடு இரண்டு ஆண்டு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஒரேயடியாக நிறுவனத்துக்குச் சாதகமான ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றால் மாநில ஆணையத்தை அணுகலாம்.

கையில் இருக்க வேண்டியவை

டிக்கெட் ஒப்பந்தம், கப்பலில் தரும் அறிவிப்புத் தாள்கள், வீடு திரும்பச் செய்த செலவின் ரசீதுகள், கேபின் நிலையைக் காட்டும் தேதியிட்ட படங்கள், மருத்துவக் குறிப்பு. இவற்றை ஒரே உறையில் வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு இன்சூரன்ஸ் கிளெய்ம், கடைசியாக நீதிமன்றம் அல்லது நுகர்வோர் ஆணையம். நிறுவனம் முதலில் நீட்டும் தொகை ஒரு பேச்சுவார்த்தையின் தொடக்கம்தான். சேமித்துக் கட்டிய பணத்துக்கும், வருடத்தில் ஒருமுறை கிடைக்கும் விடுமுறைக்கும் உரிய மதிப்பைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.