களஞ்சியத்துட் களஞ்சியம்

கணினி நிரல் எழுதுவோர் தம் மூலநிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் ஒருங்கே பேணும் இடத்தைக் களஞ்சியம் என்பர். 2005ஆம் ஆண்டில் லினஸ் ரோவால்ட்ஸ், லினக்ஸ் ஆக்கப்பணியின் பொருட்டு இயற்றிய கிற் என்னும் மென்பொருளே இப்பணிக்கு இன்று பெரிதும் பயன்படுவது. இரு செயலிகளுக்குப் பொதுவான நிரற்றொகுதி ஒன்று இருப்பின், அதன் களஞ்சியத்தை மற்றவற்றினுள் வைத்து ஆளவேண்டிய தேவை எழுகின்றது. வெறுமனே படியெடுத்து வைத்தால், ஓரிடத்துச் செய்த திருத்தம் மற்றோரிடத்தைச் சென்றடையாது. இக்குறையை நீக்க 2007 இல் சேர்க்கப்பெற்றது சப்மொடியூல் என்னும் கட்டளை.

அக்கட்டளை கடினமானது என்னும் பழி பரவலாக உண்டு. பழி முற்றும் பொய்யன்று. ஆயின் அக்கடுமையின் காரணத்தை ஆராய்வார் சிலரே. புறக்களஞ்சியம் அகக்களஞ்சியத்தின் கோப்புக்களைத் தன்னுட் கொள்வதில்லை. அகக்களஞ்சியத்தின் முகவரியையும், அதன் வரலாற்றிற் குறித்த ஒரு பதிவைச் சுட்டும் அடையாள எண்ணையும் மாத்திரமே அது வைத்திருக்கும். ஒரு நூலினுள் மற்றொரு நூலை அச்சிடாது, இன்ன பதிப்பில் இன்ன பக்கம் காண்க என்று குறிப்பெழுதுவதை இஃது ஒக்கும். நூலைத் தேடி எடுத்தல் படிப்பவன் பொறுப்பு.

இதனாலேயே, புறக்களஞ்சியத்தைக் குளோன் செய்து பெற்ற மாணவன் அகத்தே வெறுங்கோப்புறையைக் கண்டு திகைக்கின்றான். குளோன் கட்டளையுடன் 'ரிக்கேர்ஸ் சப்மொடியூல்ஸ்' என்னும் தெரிவைச் சேர்த்தால் யாவும் ஒருங்கே வந்துசேரும். 2017 இல் வந்த 'சப்மொடியூல் ரிக்கேர்ஸ்' என்னும் அமைவை ஒருமுறை இயக்கிவிடின், புல், செக்கவுட் முதலிய கட்டளைகள் அகக்களஞ்சியத்தையும் தாமே தொடரும். புஷ் செய்யும்போது, புறத்தே சுட்டிய அகப்பதிவு இன்னும் அனுப்பப்படாதிருந்தால் அதனையும் உடன் அனுப்பும். இவ்வமைவு இல்லாத வேளையிற் புறத்தை மட்டும் அனுப்பிவிட்டு, ஏனையோரை இல்லாத பதிவொன்றைத் தேடவைத்தவர் பலர்.

எனினும், சுருக்கிய கட்டளை உள்ளே நிகழ்வதை மறைத்தும் விடுகின்றது. புதுப்பித்தல் முடிந்ததும் அகக்களஞ்சியம் கிளை எதிலும் நில்லாது, சுட்டிய பதிவின்மேல் தனித்து நிற்கும். அந்நிலையில் எழுதிய பதிவைப் புறத்தே குறிக்காது விட்டால், அடுத்த புதுப்பித்தல் பழைய பதிவுக்கே மீண்டுவிடும். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஈர்நாள் உழைப்பு இவ்வாறு மறைந்ததெனக் கலங்கி வந்தான். பதிவு அழிந்திலது, றெஃப்லொக் கட்டளையால் அதன் எண்ணைக் கண்டெடுத்தோம். அகத்தே திருத்தப் புகுமுன் ஒரு கிளைக்கு மாறியிருந்தால் அவ்வலைச்சல் நேர்ந்திராது.

பிறர் நிரலைப் பயன்படுத்துதல் மட்டுமே நோக்கமாயின் சப்ட்ரீ என்னும் கட்டளையே எளிது என்பது என் கருத்து. ஏவரி பெனருன் இயற்றிய இது 2012 முதற் கிற்றுடன் துணைக்கருவியாக வழங்கப்படுகின்றது. இது குறிப்பை விடுத்துக் கோப்புக்களையே உள்ளே கொணர்ந்து சேர்ப்பதால், குளோன் செய்வோர் வேறெதுவும் செய்யவேண்டுவதில்லை. ஆனால் இரு வரலாறுகளும் கலந்துவிடும். அகத்துத் திருத்தங்களை மூலக்களஞ்சியத்திற்குத் திருப்பி அனுப்புகையில் அவற்றைப் பிரித்தெடுத்தல் வேண்டும். இரு களஞ்சியங்களும் ஒருவர் கையிலேயே நாடோறும் வளர்வனவாயின், சப்மொடியூலையே கொள்ளல் தகும்.