விசிறிக் காம்பும் கிட்டார் கம்பியும்

ஆலங்காயத்தில் ஒரு மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். சாயங்கால வெளிச்சத்தில் ஜவ்வாது மலை கறுத்துக்கொண்டு வருகிறது. மாடியில் ஓர் அக்காவும் தம்பியும். அக்காவின் மடியில் வயிறு பெருத்த அகூஸ்டிக் கிட்டார். தம்பியின் தோளில் பலகைபோல் தட்டையான எலெக்ட்ரிக் கிட்டார். இருவரும் ஒரே பாட்டைப் பழகுகிறார்கள். பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது.

அக்காவின் கிட்டார் எதுவுமே நடக்காததுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. தம்பியுடையதோ கொசுச் சத்தமாகச் சுருங்கிவிட்டது.

“பார்த்தியா? பிளக்கைப் பிடுங்கினா உன் கிட்டார் வெறும் பலகைடா!”

“பலகையில காதை வச்சுக் கேளுக்கா. உன் கம்பி எப்பவோ அடங்கிடுச்சு. என்னோடது இன்னும் அதிருது.”

அக்கா குனிந்து அந்த மரத்தில் காதை வைத்தாள். உள்ளே ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா சொன்னதும் சரி. தம்பி சொன்னதும் சரி. எப்படி என்று பார்ப்போமா?

காம்பை வீசினால் காற்று வருமா?

இரண்டு கிட்டாரிலும் ஆறு கம்பிகள்தான். சுருதியும் ஒன்றுதான். மிகத் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். மிக மெல்லிய கம்பி சுமார் 330 முறை. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள், கிட்டார்காரர்கள் ஃப்ரெட் என்பார்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால், அதிரும் நீளம் பாதியாகும். அதிர்வு இரண்டு மடங்காகும். இதிலும் இரண்டு கிட்டாருக்கும் வேறுபாடு இல்லை.

கம்பியின் அதிர்வு காற்றைத் தள்ளினால்தான் நமக்குக் கேட்கும். சிக்கல் அங்கேதான். பனையோலை விசிறியின் ஓலையைக் கழற்றிவிட்டு வெறும் காம்பை வீசிப் பாருங்கள். கை வலிக்கும், காற்று வராது. மெல்லிய காம்பைச் சுற்றிக்கொண்டு காற்று நழுவிவிடும். கிட்டார் கம்பியும் வெறும் காம்புதான். அதற்கு ஓர் ஓலை வேண்டும்.

அகூஸ்டிக் கிட்டாரின் முன்பக்கப் பலகைதான் அந்த ஓலை. மூன்று மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள மரம். கம்பிகள் முடியும் இடத்தில் இருக்கும் ‘குதிரை’ என்ற கட்டை, கம்பியின் அதிர்வைப் பலகைக்குக் கொண்டுபோகிறது. பலகை நடுங்க, அதைத் தொட்டிருக்கும் காற்று முழுவதும் நடுங்குகிறது. நடுவில் உள்ள வட்டத் துளைக்கும் வேலை உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூ’வென்று சத்தம் வருமல்லவா? அதேபோல் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் நொடிக்கு 100 முறை அளவில் ஊசலாடி, தடித்த கம்பிகளின் தாழ்ந்த ஒலிக்குக் கனம் சேர்க்கிறது.

இந்த உபாயம் நமக்குப் புதிதல்ல. பழந்தமிழரின் யாழில் இந்த வயிற்றுப் பகுதிக்குப் பத்தர் என்று பெயர். தஞ்சாவூர் வீணையில் அது குடம். பலா மரத்தைக் குடைந்து செய்கிறார்கள்.

கஞ்சனும் வள்ளலும்

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவை இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ரப்பர் கட்டையில் தட்டிக் கையில் பிடியுங்கள். காதருகே கொண்டுபோனால்தான் கேட்கும். ஆனால் நெடுநேரம் கேட்கும். மறுபடி தட்டி, இம்முறை காம்பை மேசைமேல் ஊன்றுங்கள். வகுப்பு முழுக்கக் கேட்கும். ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும்.

காரணம் எளிது. நீங்கள் தட்டியபோது கொடுத்த ஆற்றல் ஓர் அளவுதான். மேசை அதை வாங்கிக் காற்றுக்கு வாரி இறைத்துவிட்டது. மேசையில்லாத கவையோ கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தது.

அக்காவின் கிட்டார் மேசைமேல் ஊன்றிய கவை. அது வள்ளல்: உரக்க ஒலிக்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும். தம்பியின் கிட்டார் கையில் பிடித்த கவை. அதன் கனத்த, கெட்டியான கட்டை எளிதில் நடுங்காது. அதனால் கம்பியின் ஆற்றல் கம்பியிலேயே தங்கியிருக்கும். சரியான கஞ்சன்!

பிக்கப்புக்குக் காது கிடையாது

ஆனால், கஞ்சனின் கச்சேரி ஊருக்குக் கேட்க வேண்டுமே? அதற்காகத்தான் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்ற பொருளைப் பொருத்துகிறார்கள். காந்தங்களைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அசைந்தால் காந்தப்புலம் மாறும். காந்தப்புலம் மாறினால் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இது. சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் இதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். மைக் காற்றின் அதிர்வை வாங்குகிறது. பிக்கப் சத்தத்தையே கேட்பதில்லை. எஃகுக் கம்பியின் அசைவை மட்டுமே காந்தத்தால் உணர்கிறது.

பிக்கப்பில் பிறக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டைவிடக் குறைவு. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அதாவது, கம்பி கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைக்கிறது. கோலத்தைப் போடும் உழைப்பு சுவரில் உள்ள பிளக்கிலிருந்து வருகிறது. அதனால்தான் கரண்ட் போனதும் தம்பி கொசுவானான்!

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? 1920-களில் அமெரிக்க நடனக் கூடங்களில் டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்க, கிட்டார் சத்தம் அமுங்கிப்போனது. 1931-இல் ஜார்ஜ் பீச்சம் என்பவர் பிக்கப் வைத்த கிட்டாரை உருவாக்கினார். அடுத்த ஆண்டு ரிக்கன்பேக்கர் என்பவருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வட்டமான அலுமினிய உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் ‘வாணலி’ என்றே அதற்குப் பட்டப்பெயர்.

பிறகு சாதாரணக் கிட்டாரிலேயே பிக்கப் வைத்தார்கள். அப்போது வேறொரு தொல்லை. திருவிழா மேடையில் ஸ்பீக்கர் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ‘கூஊஊ’ என்று ஊளையிடுமே, அதேதான். ஸ்பீக்கரின் சத்தம் மெல்லிய பலகையை ஆட்ட, பலகை கம்பியை ஆட்ட, கம்பி ஸ்பீக்கரை இன்னும் கத்தவைக்கும். உள்ளே குடைவு இல்லாத கெட்டிக் கட்டைதான் இதற்கு மருந்து. 1950-இல் லியோ ஃபெண்டர் அப்படிப்பட்ட கிட்டார்களைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கினார். ரேடியோ ரிப்பேர் செய்து வந்த அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

விரல்கள் செய்யும் வேலை வேறு

அகூஸ்டிக் கிட்டாரில் கம்பிதான் பலகையை ஆட்ட வேண்டும். எனவே தடித்த கம்பியை விறைப்பாகக் கட்டுகிறார்கள். மெல்லிய முதல் கம்பியே சுமார் 0.30 மில்லிமீட்டர் இருக்கும். புதிதாகப் பழகுபவரின் விரல் நுனி காய்த்துப்போகும். ஒலி சீக்கிரம் அடங்குவதால், கம்பிகளை மொத்தமாக வருடியோ, விரல்களால் ஒவ்வொன்றாகத் தொடுத்தோ, அடுத்தடுத்து மீட்டிக்கொண்டே இருப்பது இதற்கு ஏற்ற பாணி. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைப் போட்டுக் கேளுங்கள். இளையராஜாவின் இசைக்குக் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். ஒவ்வொரு சுரமும் மரத்தின் குரலோடு உதிர்வது தெரியும்.

எலெக்ட்ரிக்கில் கம்பிக்கு அந்தப் பாரம் இல்லை. 0.23 மில்லிமீட்டர் கம்பி போதும், விறைப்பும் குறைவு. ஃப்ரெட்டின்மேல் அழுத்தியபடியே பக்கவாட்டில் இழுத்தால் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும். ஒலியும் நீண்டு நிற்பதால், அந்த வழுக்கல் முடியும்வரை சுரம் உயிரோடு இருக்கும்.

வழுக்குவது, அசைப்பது என்றால் கர்நாடக இசையில் கமகம்! சுரத்தை ஊஞ்சல்போல் ஆட்டி முடிப்பதற்குள் கம்பி அடங்கிவிட்டால் கமகம் எங்கே? சாதாரண மாண்டலினில் ஒலி சட்டென்று அறுந்துவிடும். மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். வழக்கமாக ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பிகள் இருக்கும் இடத்தில், ஐந்து ஒற்றைக் கம்பிகளை வைத்துக்கொண்டார். கீர்த்தனைகள் அதில் குழைந்து வந்தன. ராணிப்பேட்டையில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த பிரசன்னா, எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்கிறார்.

மலை உச்சியைச் சீவினால்

மின்சாரமாக மாறிய ஒலியோடு இன்னொரு விளையாட்டும் விளையாடலாம். ஒலி அலையைப் படமாக வரைந்தால் ஜவ்வாது மலைபோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரால் தாங்க முடியாத அளவுக்கு அலையைப் பெருக்கினால், உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். சீவியதும் மூல ஒலியில் இல்லாத புதிய மேல் அதிர்வுகள் சேர்ந்து, ‘கரகர’வென்று உறுமும். ராக் இசையின் உறுமல் அதுதான்.

அசைவை மட்டுமல்ல, ஒளியையும் இப்படி மின்சாரமாக மாற்றலாம். ஆலங்காயத்திலிருந்து மலையேறும் சாலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி, நட்சத்திரத்தின் மங்கலான ஒளியைச் சேர்க்கிறது. கேமராவின் சில்லு அந்த ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றித் தர, கண்ணுக்கு எட்டாததும் திரையில் துலங்குகிறது. அங்கே ஒளி, தம்பியின் கிட்டாரில் கம்பியின் அசைவு. மின்சாரமாக மாறியபின் இரண்டையும் பெருக்கலாம், அலசலாம், சேமிக்கலாம்.

மாடியில் கரண்ட் வந்துவிட்டது. “டேய், அதை ஒரு நிமிஷம் கொடேன்” என்று அக்கா கை நீட்டுகிறாள். தம்பி அகூஸ்டிக்கை வாங்கி, முதல் கம்பியை அழுத்தி, “ஆ!” என்று விரலை உதறுகிறான்.

யோசித்துப் பாருங்கள்: நைலான் கம்பிகள் கட்டிய கிட்டாரில் காந்தப் பிக்கப் பொருத்தினால் ஸ்பீக்கரில் என்ன கேட்கும்? விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.