இறால் ஓட்டுக் கரைசலில் உப்பின் வேலை

வேதாரண்யம் உப்பளங்களில் உப்புநீரின் பக்குவம் அறிய ஒரு கண்ணாடி மிதவை போதும். போமே அளவில் சுமார் 25 டிகிரியைத் தொட்டால் பாத்தியில் உப்பு படியும். அங்கே அளப்பது அடர்த்தி. அதே வட்டாரத்துப் பண்ணை இறால்களின் ஓட்டிலிருந்து செய்யும் கரைசலுக்கு அந்த மிதவையால் பயனில்லை. அது எப்படி ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இறாலைத் தலை கிள்ளி உரிக்கும்போது எடையில் 40 விழுக்காடு அளவுக்குக் கழிவாகிவிடும். அந்த ஓட்டில் இருப்பது கைட்டின் என்ற இயற்கைப் பாலிமர். அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பையும், காரத்தில் இட்டுப் புரதத்தையும் நீக்கி, பிறகு செறிந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணி முதல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வரை அதற்கு வேலை உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை நெடுநாளாக ஆராய்ந்து வருகிறது.

எந்த வேலைக்கு எந்தக் கைட்டோசான் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் மூலக்கூறுச் சங்கிலியின் நீளமே முடிவு செய்கிறது. அமிலத்திலோ காரத்திலோ அளவுக்கு மீறி வைத்திருந்தால் சங்கிலி அறுந்துபோகும். தூளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, நுண்குழாய் பாகுநிலைமானியில் இரண்டு கோடுகளுக்கு இடையே இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். வெறும் அமிலம் இறங்கும் நேரத்தோடு அதை ஒப்பிடுவார்கள். கரைசலை மேலும் மேலும் நீர்க்கச் செய்து அளந்தால் சங்கிலியின் சராசரி நீளத்தைக் கணக்கிடலாம். பாகுநிலைக்கும் சங்கிலி நீளத்துக்கும் உள்ள உறவைக் காட்டிய ஹெர்மன் ஸ்டாடிங்கருக்கு 1953இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

குழாயின் அகலத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ரத்த ஓட்டத்தில் ஆர்வம் கொண்ட பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், 1840களிலேயே இதற்கான விதியை வெளியிட்டார்: ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். வெப்பநிலையும் மாறக்கூடாது என்பதால் கருவியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வைப்பார்கள்.

இனி உப்புக்கு வருவோம். அமிலத்தில் கரைந்த கைட்டோசான் சங்கிலி நெடுகிலும் நேர் மின்னூட்டம் இருக்கும். ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விறைத்து விரிந்து, கரைசல் கெட்டியாகும். கொஞ்சம் சோடியம் குளோரைடு சேர்த்தால் அந்தத் தள்ளல் அடங்கி, சங்கிலி சுருண்டு, கரைசல் இளகி ஓடும். உப்பில்லாமல் நீர்க்கச் செய்தால் சங்கிலி இன்னும் விரிந்து கணக்கையே குழப்பும். அதனால் ஆய்வகங்கள் அமிலத்தோடு உப்பையும் அளந்து சேர்க்கின்றன.

செறிவான கரைசலைச் சுழல் பாகுநிலைமானியில் இட்டால், வேகமாகச் சுழற்றச் சுழற்ற அது இளகும். ஆகவே பாகுநிலை என்று ஒற்றை எண்ணைத் தரும் சான்றிதழை வாங்குபவர்கள் நம்புவதில்லை. செறிவு, அமிலம், வெப்பநிலை, சுழல்வேகம் நான்கையும் கேட்பார்கள்.