தலைக்கு மேலே செருப்பு வார்!

குட்டீஸ்... டி.வி.,யில் பார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கார்களுக்குக் கூரையே கிடையாது. மணிக்கு 300 கி.மீ.,க்கும் அதிகமான வேகத்தில் பறக்கும்போதும், ஓட்டுபவரின் ஹெல்மெட் வெளியே எட்டிப் பார்த்துக் கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் ஒரு சக்கரம் பறந்து வந்து தலையில் மோதினால்?

மோதியிருக்கிறது. 2009, ஜூலை 19ல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் மைதானத்தில் பார்முலா டூ பந்தயம். விபத்தில் சிக்கிய வேறொரு காரின் சக்கரம் துள்ளி வந்து, ஹென்றி சர்டீசின் தலையில் மோதியது. 18 வயதே ஆன அவர் இறந்து போனார். அவருடைய அப்பா ஜான் சர்டீஸ், 1964ல் உலக சாம்பியன் ஆனவர்.

ஆறே நாளில் ஹங்கேரியில் இன்னொரு விபத்து. முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று பெலிப் மாசாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. நல்லவேளை, உயிர் பிழைத்தார்.

'மேலே மூடி போட்டுவிட வேண்டியதுதானே?' என்கிறீர்களா? கார் கவிழ்ந்தால், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் சட்டென்று வெளியே வர வேண்டுமே! போர் விமானத்தின் கண்ணாடி மூடி மீது, 20 கிலோ சக்கரத்தை 225 கி.மீ., வேகத்தில் எறிந்துகூட சோதித்துப் பார்த்தனர். கடைசியில் தேர்வானது 'ஹேலோ'.

ஹேலோ என்றால், சாமி படங்களில் தலைக்குப் பின்னால் தெரியுமே... அந்த ஒளிவட்டம்! ஆனால், பார்ப்பதற்கு அச்சு அசல் ரப்பர் செருப்பின் வார்தான். ரசிகர்களும் அப்படித்தான் கேலி செய்தனர். டைட்டானியத்தால் ஆனது, எடை 10 கிலோவுக்கும் குறைவு. தாங்கும் பாரமோ, சுமார் 12 டன்! லண்டன் மாடி பஸ் ஒன்றையே மேலே நிறுத்தலாம். 2018 முதல் பார்முலா ஒன்னில் இது கட்டாயம்.

நடுவில் ஒரு கம்பி நிற்கிறதே, பாதை மறைக்காதா? ஒரு பென்சிலை மூக்குக்கு நேராக, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். பார்வை தூரத்துச் சுவர் மீது இருக்கட்டும். பென்சில் இரண்டாகி, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிகிறதா? ஒரு கண்ணுக்கு மறைவதை இன்னொரு கண் பார்த்து விடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

இந்த வார் வேண்டாம் என்று சொன்னவர்களில் பிரான்ஸ் வீரர் ரோமன் குரோஷானும் ஒருவர். 2020, நவம்பர் 29ல் பஹ்ரைனில் அவரது கார் உலோகத் தடுப்பைப் பிளந்துகொண்டு போனது. கார் இரண்டு துண்டு, ஒரே தீப்பிழம்பு! தடுப்பின் தகடுகள் தலையைத் தாக்காமல் விலக்கியது, ஹேலோதான். 28 வினாடிகள் நெருப்புக்குள் போராடி, கைகளில் தீக்காயத்தோடு வெளியே வந்தார். ஹேலோ இல்லாவிட்டால் நான் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே சொன்னார்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்துக்குப் போய்விட்டார். அங்கே வாரோடு சேர்த்து, முன்னால் ஒரு கெட்டியான கண்ணாடித் தடுப்பும் உண்டு!