தங்கம் போயிற்று, தஸ்தாவேஜு எங்கே?

பொழுது விடியுமுன்பே மாரிக்குப்பம் ஸ்டேஷன் விழித்துக்கொள்கிறது. ஸ்கெலட்டன் போன்ற பகுதிகளின் லைன் வீடுகளிலிருந்து டிபன் பாக்சுடன் புறப்படுகிறவர்கள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறுகிறது. தகப்பனார் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தார். மகன் பெங்களூரில் கடையிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிறான்.

தங்கவயல்காரர்கள் நாலு பேர் கூடினால் மூன்று விஷயங்கள் பேச்சில் வராமல் போகாது. அப்பாவின் சர்வீஸ் கணக்கு என்ன ஆயிற்று? குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது? சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் தூசியில் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் பதில் ஏதோ ஓர் ஆபீசில், ஏதோ ஒரு பைலில் இருக்க வேண்டும். அந்தப் பைலைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி.

கைமாறிய சுரங்கம்

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் சர்க்கார் வசமாயின. 1962-ல் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி பிறந்தது. 1992-ல் அது நலிந்த கம்பெனிகளுக்கான வாரியத்தின் முன் போயிற்று. 2000 ஜூனில் வாரியம் மூடலாம் என்றது. 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு வேலை நின்றது.

ஒவ்வொரு முறை கைமாறியபோதும் இயந்திரத்துக்குக் கணக்கு எடுத்தார்கள். ஆனால் ஒரு கூலிக்காரனுக்கு இயந்திரத்தைவிட அவன் பெயர் எழுதிய ஏடுதான் பெரிது. எத்தனை வருஷம் உழைத்தான், எவ்வளவு பிடித்தம் ஆயிற்று என்று சாட்சி சொல்ல அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

பத்து ரூபாய் மனு

சர்க்கார் பைல் என்றாலே ரகசியம் என்ற காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் 1923-ல் போட்ட அரசாங்க ரகசியச் சட்டம் அந்தப் பழக்கத்துக்குக் காவலாக நின்றது. அதை அசைத்தவர்கள் படித்த பெரிய மனிதர்கள் மட்டுமல்ல. ராஜஸ்தானில் பஞ்சம் தீர்க்கும் வேலைக்குப் போன ஏழைகள், "மஸ்டர் ரோலைக் காட்டு, எங்கள் கூலி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது பார்ப்போம்" என்று 1990-களில் ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்டார்கள். தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் செய்தது. கர்நாடகம் 2000-ல் செய்தது. 2005-ல் மத்தியச் சட்டம் வந்தது.

பொதுத்துறைக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. மத்திய சர்க்கார் ஆபீசுகளுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். மனு தவறான ஆபீசுக்குப் போய்விட்டால், அவர்களே 5 நாளில் சரியான ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அப்பீல் உண்டு.

தங்கவயலுக்கு முக்கியமான இன்னொரு விதியும் அதில் இருக்கிறது. 20 வருஷத்துக்கு முந்திய விவகாரம் என்றால், நாட்டின் பாதுகாப்பு, மந்திரிசபைக் குறிப்பு போன்ற சில விலக்குகள் தவிர, மற்றக் காரணங்களைச் சொல்லித் தகவலை மறுக்க முடியாது. சுரங்கம் மூடி 20 வருஷம் 2021-லேயே நிறைந்துவிட்டது.

கேளாமலே கொடுப்பது

கேட்டால் கொடுப்பது ஒரு முறை. கேட்காமலே வெளியே வைப்பது அதைவிட மேல். ரயில் பெட்டியில் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பயணியும் மனு எழுதியா தன் சீட்டைத் தெரிந்துகொண்டான்?

அந்த முறையைத்தான் 2012-ல் மத்திய சர்க்கார் ஒரு கொள்கையாக அறிவித்தது. ஒவ்வொரு இலாகாவும் தன்னிடமுள்ள புள்ளிவிவரங்களைக் கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய வடிவில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு மூத்த அதிகாரி பொறுப்பு. முதல் மூன்று மாதத்தில் முக்கியமான ஐந்து தொகுப்புகளாவது வெளிவர வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். 2023 டிசம்பரில் சுரங்க அமைச்சகம், நிலவியல் ஆய்வு விவரங்களை ஒரே இடத்தில் தரும் தேசியக் களஞ்சியத்தையும் திறந்தது.

நல்ல காரியம்தான். ஆனால் வாசல் திறந்தால் மட்டும் போதுமா? வீட்டை நிர்வகிக்க ஆள் வேண்டாமா? புள்ளிவிவரம் தப்பாக இருந்தால் திருத்துவது யார்? அடுத்த வருஷக் கணக்கு எந்தத் தேதியில் வரும்? எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தீர்மானிப்பது யார்? குறை இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? இந்த நான்குக்கும் பதில் இல்லாவிட்டால், திறந்த கணக்கும் சில வருஷத்தில் பழைய காகிதம் ஆகிவிடும்.

உதாரணமாக, ஒரு தொழிலாளியின் நெஞ்சு எக்ஸ்ரேயை ஊரறிய வைப்பது தப்பு. அது அவன் சொந்த விஷயம். ஆனால் சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கு ஊருக்குச் சொந்தம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அதிகாரி வேண்டும். இல்லையென்றால் ஒன்று, எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அல்லது எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள்.

எந்த மொழியில்?

தமிழருக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. மனுவை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுத வேண்டும் என்கிறது சட்டம். தங்கவயலில் அது கன்னடம். தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர் என்ன செய்வார்? எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அதிகாரி உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தகவலை வெளியிடும்போது உள்ளூர் மொழியையும், மக்களுக்குச் சுலபமாக எட்டும் வழியையும் கவனிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டரில் ஆங்கிலப் பட்டியல் ஏற்றியதோடு கடமை முடிந்ததாகாது. லைன் முனையில் ஒரு நோட்டீஸ் போர்டும் தேவைதான்.

இது பழங்கதை அல்ல. சயனைடு மேடுகள் பதின்மூன்றில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை 2024 ஜூனில் சம்மதம் தந்தது. அந்த மண்ணில் தங்கம் எவ்வளவு என்று சோதித்த கணக்கு ஏலக்காரருக்குத் தேவைப்படும். அதே மண்ணில் வேறு என்ன இருக்கிறது, காற்றில் எவ்வளவு கலக்கிறது என்ற கணக்கு மேட்டடியில் குடியிருப்பவருக்குத் தேவை. முக்கியக் கொள்கை வகுக்கும்போது விவரங்களை வெளியிட வேண்டும் என்பதும் 2005-ம் வருஷச் சட்டமே. முதல் கணக்கு மட்டும் வெளிவந்து இரண்டாவது உள்ளே கிடந்தால், அதைத் திறந்த நிர்வாகம் என்று சொல்ல முடியுமா?

சுரங்கச் சட்டத்தில் பழைய விதி ஒன்று இருந்தது. இந்த நிமிஷம் பூமிக்குக் கீழே இருப்பவர் யார் யார் என்று எந்த நேரமும் காட்டும் பதிவேடு மேலே இருக்க வேண்டும். அந்த ஏட்டை நம்பித்தான் தகப்பன்மார் கீழே இறங்கினார்கள். மனைவிமார் மேலே காத்திருந்தார்கள். கீழே போனவன் பெயர் மேலே தெரிய வேண்டும் என்ற அந்த நியாயம், இன்று ஆபீசுக்குள் போன பைலுக்கும் பொருந்தும் அல்லவா?