லியோன் நகரில் நான்கு வேளை உணவு

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் இரண்டே நாள் தனித்துத் தங்கும் மாணவனுக்குக் கிடைப்பவை நான்கு வேளை உணவு. கைப்பொருளோ சிறிது, கலந்து முடிவுசெய்யத் துணையும் இல்லை. ஆகவே, எங்கே உண்பது என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும் என்பேன்.

ரோன், சோன் என்னும் ஈராறுகள் கூடும் இந்நகரை, 1935-இல் கியூர்னோன்ஸ்கி என்னும் எழுத்தாளர் உலகின் உணவுத் தலைநகரம் எனப் புகழ்ந்தார். அப்புகழுக்கு அடிகோலியவர்களுள் பெண்கள் பலர். செல்வர் இல்லங்களில் சமைத்துப் பழகி, பின்னர்ச் சொந்த உணவகம் கண்ட அவர்களை 'அன்னையர்' என்றே ஊரார் அழைத்தனர். அவருள் ஒருவரான யூஜெனி பிராசியே, 1933-இல் தம் இரு உணவகங்களுக்கும் மிஷலின் வழிகாட்டி நூலின் மும்மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார்.

அத்தகைய இடம் மாணவனுக்கு எட்டாது. எட்டினாலும் நான் நாடேன். 'பூஷோன்' எனப்படும் சிறு உணவகங்களே எனக்கு உகந்தவை. மேசைகள் நெருங்கியிருத்தலின் அடுத்திருப்பவர் பேச்சுக் கொடுப்பார், தனிமை தோன்றாது. பைக் என்னும் நன்னீர் மீனை அரைத்துச் செய்யும் கெனெல் அங்கே கேட்டுண்ணத் தக்கது. பன்றியிறைச்சியும் குடல் வகைகளுமே பட்டியலில் மிகுதி. மரக்கறி உண்போர் முன்னரே விசாரித்தல் நலம்.

விலைப்பட்டியலை வாயிலிலேயே வைத்தல் அந்நாட்டுச் சட்டம். படித்துப் பார்த்தபின் உள்ளே செல்லலாம், நாணம் வேண்டா. ஒரே சமையலறை நண்பகலில் குறைந்த விலைக்கு உணவளிப்பது வழக்கமாதலால், நல்ல இடத்தைப் பகலுக்கு வைத்துக்கொண்டு இரவை எளிதாக முடிப்பேன். ஆனால் இரண்டு மணிக்குப் பின் சென்றால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு, திங்களில் பல கதவுகள் அடைத்தே கிடக்கும்.